ஓவர்கிளாக் செய்த ஐ5-13600கே: இரட்டைக் கோபுர கூலரா, 240 ஏஐஓ-வா, 360-ஆ?

நாலாம்ஊசி:

வணக்கம். வீட்டுக் கம்ப்யூட்டரின் பிராசசருக்கு கூலர் (சூடு தணிக்கும் கருவி) மாற்ற வேண்டும். எதை எடுப்பது என்று முடிவுக்கு வர முடியவில்லை.

பிராசசர் ஐ5-13600கே, நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிறேன் (ஓவர்கிளாக்). பி-கோர் (வேகமான கோர்) ஆறும் 5.4 ஜிகாஹெர்ட்ஸ், இ-கோர்களை (சிக்கனமான சிறிய கோர்) 3.9-லேயே விட்டிருக்கிறேன். லோடில் 1.32 வோல்ட். போர்டு இசட்690, ஏடிஎக்ஸ். நாலு ஸ்லாட்டிலும் ரேம், ஹீட்ஸ்ப்ரெடரோடு 44 மி.மீ. உயரம். கேஸில் கூலர் உயரம் 165 மி.மீ. வரை போகலாம் என்று போட்டிருக்கிறார்கள். மேலே 240 ரேடியேட்டர், முன்னால் 360 ஏறும். முன்பக்கம் மெஷ், அங்கே மூன்று ஃபேன், பின்னால் ஒன்று, எல்லாம் 120.

இப்போது இருப்பது ஒற்றைக் கோபுரம், நான்கு ஹீட்பைப் (வெப்பம் கடத்தும் குழாய்), ஒரு 120 ஃபேன். முன்பு எல்ஜிஏ1200 (பழைய சாக்கெட்) போர்டில் இருந்ததைக் கழற்றி இதில் மாட்டியது.

எல்லா கோரையும் முழு லோடில் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23 ஓட்டினால் முதல் சில வினாடி 215 வாட் காட்டுகிறது. இருபது வினாடிக்குள் 100 டிகிரி. அப்புறம் கிளாக் 5.0-க்கும் கீழே இறங்கி 180 வாட் பக்கம் நின்றுவிடுகிறது. அறை வெப்பம் 32. கேமில் 78-ஐத் தாண்டுவதில்லை. தொல்லை வீடியோ என்கோடிங்கில்தான். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் எல்லா கோரும் முழு லோடில் நிற்கும்.

பட்டியலில் இருப்பவை: தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, நாக்டுவா என்எச்-டி15, ஏதாவது ஒரு 240 ஏஐஓ (பம்ப்பும் ரேடியேட்டரும் சேர்ந்த நீர் கூலர், எண் ரேடியேட்டரின் மி.மீ. அளவு), ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 360. 85 டிகிரிக்குள் நிறுத்த எது போதும்?

வாட்மீட்டர்:

கூலர் பெயரெல்லாம் அப்புறம். கணக்குப் போட நீங்கள் கொடுத்த எண்களே போதும்.

100 டிகிரியில் 180 வாட்டில் நிற்கிறது, அறை 32. வித்தியாசம் 68. அதை 180-ஆல் வகுத்தால் வாட்டுக்கு 0.38 டிகிரி. சிலிக்கானிலிருந்து அறைக் காற்று வரைக்கும் மொத்த வெப்பத் தடை இது. 215 வாட்டை 85 டிகிரியில் வைக்க வேண்டுமென்றால் 53-ஐ 215-ஆல் வகுக்க வேண்டும், 0.25 வருகிறது. இருக்கிற தடையில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கச் சொல்கிறீர்கள்.

பலரும் சறுக்குவது இந்த இடத்தில். 0.38 முழுவதும் கூலரின் தலையில் கட்டக்கூடியது இல்லை. வெப்பம் சிலிக்கானில் பிறந்து, சால்டரைத் தாண்டி, மேல்மூடியான செம்புத் தகட்டில் பரவி, இடைவெளி நிரப்பும் பேஸ்ட்டைக் கடந்த பிறகுதான் கூலரின் அடித்தகட்டைத் தொடுகிறது. எவ்வளவு பெரிய கூலர் வைத்தாலும் சிப்புக்குள் இருக்கும் அந்த முதல் பாதை அப்படியேதான் இருக்கும். அதனால்தான் கூலர் இரண்டு மடங்கு பெரிதானால் வெப்பம் பாதியாவதில்லை. இந்தச் சிப்பில் ஒழுங்காக மாட்டிய இரட்டைக் கோபுரத்துக்கு 0.30, நல்ல 360 ஏஐஓ-வுக்கு 0.27 என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். 215 வாட்டுக்கு முதலாவது 96 டிகிரி, இரண்டாவது 90. நீங்கள் கேட்கிற 85 இரண்டிலும் இல்லை.

மிச்சத்தை வோல்டேஜில்தான் தேட வேண்டும். சிப் தின்னும் வாட் அலைவெண்ணுக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். 5.1-லிருந்து 5.4 என்பது 6 சதவீதம்தான். ஆனால் அதற்காக லோடு வோல்டேஜை 1.20-லிருந்து 1.32-க்கு ஏற்றினால், 1.1-இன் வர்க்கம் 1.21, அதை 1.06-ஆல் பெருக்கினால் 1.28. ஆறு சதவீத வேகத்துக்கு 28 சதவீத வெப்பம்!

இதையே திருப்பிப் போடுங்கள். 5.3 ஜிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட்டில் உங்கள் சிப் நின்றால் 215 வாட் 189 வாட்டாகும். இரட்டைக் கோபுரத்தில் 89, 360-இல் 83. கடைசி 100 மெகாஹெர்ட்ஸை விட்டுக்கொடுப்பதால் கிடைக்கும் டிகிரி, காற்று கூலரிலிருந்து 360-க்குத் தாவினால் கிடைக்கும் டிகிரிக்குச் சமம். ஒரு மணி நேர என்கோடிங்கில் அதனால் நஷ்டம் ஒரு நிமிடம். இப்போது சூட்டால் வேகம் குறைந்து 5.0-க்குக் கீழே த்ராட்டில் ஆகிக்கொண்டிருக்கிறீர்கள், அதோடு ஒப்பிட்டால் லாபம்தான்.

வோல்டேஜைக் குறைக்கும்போது 10 மில்லிவோல்ட் படியாக இறக்குங்கள். ஒவ்வொரு படிக்கும் சினிபெஞ்ச் பத்து நிமிடம். கூடவே சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்து டபிள்யூஹெச்இஏ (விண்டோஸ் பதியும் ஹார்டுவேர் பிழை) எண்ணிக்கையைப் பாருங்கள். கம்ப்யூட்டர் கிராஷ் ஆகும் வரை காத்திருக்க வேண்டாம். அந்தக் கட்டத்தில் பூஜ்யம் ஒன்றானாலே வோல்டேஜ் போதவில்லை என்று பொருள், 20 மில்லிவோல்ட் திரும்ப ஏற்றிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்). 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுத் தேய்ந்துபோகும் கோளாறுக்கு இன்டெல் 2024-இல் மைக்ரோகோட் (பயாஸோடு வரும், சிப்புக்கான திருத்தம்) வெளியிட்டது. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி. 13600கே-யும் அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் போர்டில் 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்தையது இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே தேய்ந்த சிப்பை மைக்ரோகோட் மீட்டுத் தராது, இனிமேல் தேயாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். பழைய பயாஸோடு போட்ட ஓவர்கிளாக் எண்களை அப்படியே புதியதில் தட்டாமல் முதலிலிருந்து டியூன் செய்யுங்கள்.

திருகாணி:

வாட்மீட்டர் கணக்கு சரி. எனக்கு உறுத்துவது "எல்ஜிஏ1200-இல் இருந்ததைக் கழற்றி மாட்டியது" என்கிற வரி. எந்தத் துளையில் மாட்டினீர்கள்?

எல்ஜிஏ1200-க்கு கூலர் துளைகள் 75 மி.மீ. சதுரம், உங்கள் போர்டின் சாக்கெட்டான எல்ஜிஏ1700-க்கு 78. ஆசுஸின் சில இசட்690 போர்டுகளில் இரண்டு வரிசைத் துளையும் இருக்கும். பழைய கூலர் அப்படியே உட்காரும், திருகும் ஏறும், எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். ஆனால் எல்ஜிஏ1700-இல் சாக்கெட்டுக்குள் உட்கார்ந்த பிராசசரின் உயரம் பழையதைவிட ஏறக்குறைய 1 மி.மீ. குறைவு. பழைய கிட்டில் ஸ்பிரிங் முழுதாக அழுந்தும் முன்பே திருகு அதன் முடிவில் போய் நின்றுவிடும். கூலர் பிராசசர் மேல் இருக்கும், அழுத்தம் இருக்காது. பேஸ்ட் தடித்து நடுவில் ஒரு மெத்தை மாதிரி கிடக்கும்.

கழற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் லோடு கொடுத்து பேஸ்ட்டைச் சூடாக்குங்கள். ஆஃப் செய்து, திருகை எடுத்து, இடம் வலமாக லேசாகத் திருகி விடுவித்துத் தூக்குங்கள். நேராக இழுக்காதீர்கள். தூக்கியதும் துடைக்காமல் பேஸ்ட் படிந்திருக்கும் விதத்தைப் பாருங்கள், வேண்டிய தகவல் முழுக்க அதில்தான் இருக்கிறது. எல்லா இடத்திலும் தடிப்பாக இருந்தால் அழுத்தம் போதவில்லை. ஒரு பக்கம் மட்டும் தடிப்பென்றால் திருகை ஒரு பக்கமாக இறுக்கியிருக்கிறீர்கள். நடுவில் தடித்து மேலும் கீழும் மெலிந்திருந்தால் அது சாக்கெட்டின் கைவரிசை. எல்ஜிஏ1700-இன் பூட்டு பிராசசரின் இரண்டு நீளப் பக்கங்களின் நடுவில் மட்டும் அமுக்குகிறது. 45 மி.மீ. நீளத் தகடு நடுவில் லேசாகக் குழிந்து இரண்டு முனையும் தூக்கிக்கொள்ளும்.

அதற்கு மருந்து கான்டாக்ட் ஃப்ரேம், பூட்டுக்குப் பதிலாகச் சுற்றிலும் சமமாக அமுக்கும் சட்டம். தெர்மல்ரைட், தெர்மல் கிரிஸ்லி இருவரும் விற்கிறார்கள். சாக்கெட் பூட்டின் நான்கு டார்க்ஸ் டி20 திருகை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்க வேண்டும். போர்டை வெளியே எடுத்துப் படுக்க வைத்துச் செய்யுங்கள், திருகை எடுத்ததும் பின்தகடு கழன்று விழும். திருகுகளைக் குறுக்குக் குறுக்காக, ஒரு தடவைக்கு கால் சுற்று மட்டும். விரல் பிடிக்கு லேசான எதிர்ப்பு வந்ததும் நிறுத்துங்கள். கூடுதலாக முறுக்கினால் ரேம் சேனல் ஒன்று காணாமல் போகும் அல்லது கம்ப்யூட்டர் ஸ்டார்ட்டே ஆகாது. அப்படி ஆனால் பயந்துவிட வேண்டாம், நான்கையும் எட்டில் ஒரு சுற்று தளர்த்திப் பாருங்கள். பூட்டை மாற்றுவது வாரன்டியைப் பாதிக்கலாம் என்பது இன்டெலின் நிலை, தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

இனி உங்கள் பட்டியல். என்எச்-டி15-இன் உயரம் 165, கேஸின் எல்லையும் 165. ஆனால் முன் ஃபேனுக்குக் கீழே ரேமுக்கு விடும் இடம் 32 மி.மீ.தான். உங்கள் ரேம் 44. ஃபேனை 12 ஏற்றினால் மொத்தம் 177, பக்கக் கதவு மூடாது. முன் ஃபேனையே எடுத்துவிட்டு நடு ஃபேனோடு ஓட்டலாம், அப்போது ரேமுக்கு 64 மி.மீ. கிடைக்கும். ஆனால் அதற்கு எதற்கு 1.3 கிலோ கூலர்? பியர்லெஸ் அசாசின் 155, ஃபேனை ஏற்ற 10 மி.மீ. கையில் இருக்கிறது, கம்பிக் கிளிப் என்பதால் எந்த உயரத்திலும் நிறுத்தலாம். உங்கள் கேஸுக்கும் ரேமுக்கும் காற்று கூலரில் அதுதான் பொருந்தும். எதை வாங்கினாலும் பெட்டிக்குள் எல்ஜிஏ1700 கிட் இருக்கிறதா என்று பாருங்கள். நாள்பட்ட ஸ்டாக்கில் இருக்காது.

நீர்ச்சுழல்:

ஒன்றரை மணி நேரம் எல்லா கோரும் முழு லோடு என்கிறார். 360-ஐ இவ்வளவு சீக்கிரம் ஒதுக்க வேண்டாம். கேமுக்கு மட்டுமென்றால் நானும் காற்று என்றுதான் சொல்வேன், அங்கே 100, 120 வாட்டைத் தாண்டாது.

ஆனால் 240-ஐப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். நிலையாக ஓடும் லோடில் சாதாரண 240 ஏஐஓ, நல்ல இரட்டைக் கோபுரத்தோடு ஏறக்குறைய சமமாகத்தான் நிற்கும். கூடுதலாக ஒரு பம்ப், பம்ப்பின் சத்தம், ஆண்டுகள் போகப் போக ரப்பர் குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் திரவம். அதற்குத் தரும் லாபம் போதாது.

240-ஐப் பரிசோதிப்பவர்கள் ஏமாறுவது நேரத்தில். உள்ளே கால் லிட்டர் நீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 1050 ஜூல் வேண்டும். 200 வாட் சிப் அதை ஐந்து வினாடியில் கொடுத்துவிடும். ரேடியேட்டரும் கூடவே வெளியேற்றுவதால் ஏற்றம் மெதுவாக நடந்து, பதினைந்து இருபது நிமிடம் கழித்துத்தான் ஒரு நிலைக்கு வரும். இரண்டு நிமிட சினிபெஞ்சில் ஏஐஓ எப்போதும் அழகாகத் தெரியும். அரை மணி ஓட்டிய பிறகு வரும் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

360 எடுப்பதென்றால் முன்பக்கம்தான் வைக்க முடியும். ஆர்க்டிக்கின் ரேடியேட்டர் 38 மி.மீ. தடிமன், ஃபேன் 25, மொத்தம் 63. மற்றவர்களுடையது பெரும்பாலும் 27-ம் 25-ம் சேர்த்து 52. கிராபிக்ஸ் கார்டின் மூக்குக்கும் முன் ஃபேன்களுக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது என்று டேப் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். இப்போதிருக்கும் முன் ஃபேன்களைக் கழற்றுவீர்கள் என்பதால் அந்த 25 மி.மீ. திரும்பக் கிடைக்கும்.

ரேடியேட்டரின் மேல் முனை பம்ப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. காற்றுக் குமிழி மேலேதான் சேரும். அது ரேடியேட்டரின் மேல் தொட்டியில் கிடந்தால் தொந்தரவு இல்லை, பம்ப்பில் கிடந்தால் கரகர சத்தம், பிறகு பம்ப் தேய்மானம். குழாய் எட்டினால் குழாய்ப் பக்கம் கீழே வருகிற மாதிரி வையுங்கள். பம்ப் ஒயரை சிபியு ஃபேன் ஊசிகளில் குத்தி, வெப்பத்துக்குத் தக்கபடி ஏறி இறங்க விடாதீர்கள். பம்ப் ஹெடரில் மாட்டி ஒரே வேகத்தில் வையுங்கள். ஆர்க்டிக் மாதிரி ஒரே ஒயரில் பம்ப்பும் ஃபேனும் வரும் மாடலில் குறைந்தபட்ச வேகத்தைக் கொஞ்சம் மேலே வைத்துவிடுங்கள்.

முன்னால் ரேடியேட்டர் வைத்தால் கிராபிக்ஸ் கார்டுக்கு வெதுவெதுப்பான காற்று போகும். பிராசசரில் கிடைத்த டிகிரியில் கொஞ்சம் அங்கே போய்விடும். சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் விஆர்எம்-முக்கு (பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதி) கோபுர கூலரில் தற்செயலாகக் கிடைக்கும் காற்றும் ஏஐஓ-வில் கிடைக்காது. ஓவர்கிளாக்கில் 200 வாட் ஓட்டும்போது அந்த வெப்பத்தையும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்னல்வேகம்:

இவ்வளவு எதுக்கு ப்ரோ, பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் போட்டா 10 டிகிரி இறங்கிடும். இருக்கிற கூலரே போதும்.

திருகாணி:

@மின்னல்வேகம் 10 டிகிரி என்பது மூடியைக் கழற்றி, சிலிக்கானுக்கும் மூடிக்கும் நடுவில் போடுகிறவர்கள் சொல்லும் கணக்கு. மூடிக்கும் கூலருக்கும் நடுவில் நல்ல பேஸ்ட்டை எடுத்துவிட்டுப் போட்டால் ஒன்றிரண்டு டிகிரிதான். லிக்விட் மெட்டலில் இருப்பது காலியம், அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். இவருடைய கூலரின் அடி, ஹீட்பைப் நேரடியாகத் தொடும் வகை என்றால் பைப்புகளுக்கு நடுவில் இருப்பது அலுமினியம். ஒரு துளி சாக்கெட் பக்கம் வழிந்தால் ஷார்ட். அழுத்தமே இல்லாத கூலரில் எதைத் தடவியும் பயனில்லை, முதலில் அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும்.

அடிக்கடி கழற்றி மாட்டுவது பிடிக்காதவர்களுக்கு ஹனிவெல் பிடிஎம்7950 தாள் நல்ல வழி. 45 டிகிரி பக்கம் இளகிப் பரவும், பேஸ்ட் மாதிரி ஓரத்துக்குத் தள்ளப்பட்டு நடுவில் வறண்டுபோகாது. ஃப்ரிட்ஜில் சற்று வைத்துவிட்டு உரித்தால் பிளாஸ்டிக் கிழியாமல் வரும்.

நாலாம்ஊசி:

எல்லோருக்கும் நன்றி. செய்தவை:

பயாஸ் புதுப்பித்தாயிற்று, இப்போது 0எக்ஸ்12பி. கூலரைக் கழற்றினேன். திருகாணி சொன்னதேதான், 75 மி.மீ. துளையில் பழைய கிட். பேஸ்ட் நடுவில் சாம்பல் நிறத்தில் தடித்துக் கிடந்தது. மேலேயும் கீழேயும் நிக்கல் பளபளப்பு தெரிகிற அளவுக்கு மெலிசு. ஆக இரண்டு கோளாறும் சேர்ந்தே இருந்திருக்கிறது போல. கூலர் நிறுவனத்தின் எல்ஜிஏ1700 கிட் வாங்கி, பேஸ்ட் புதிதாகப் போட்டு மாட்டினேன். ஃப்ரேம் இன்னும் போடவில்லை.

5.3, 1.25 வோல்ட்டில் டபிள்யூஹெச்இஏ பிழை ஒன்று வந்தது, 1.26-இலும் ஒன்று. அதனால் 20 ஏற்றி 1.28-இல் வைத்திருக்கிறேன். சினிபெஞ்ச் அரை மணி: 197 வாட், 99 டிகிரி, அறை 32. த்ராட்டில் இல்லை, ஆனால் விளிம்பில்தான் நிற்கிறது. பக்கக் கதவைத் திறந்து வைத்தும் பார்த்தேன், 97.

இப்போது கேள்வி ஒன்றுதான். பியர்லெஸ் அசாசினா, 360-ஆ?

வாட்மீட்டர்:

67-ஐ 197-ஆல் வகுத்தால் 0.34. முன்பு 0.38. அழுத்தத்தைச் சரிசெய்ததில் மட்டும் 0.04 குறைந்திருக்கிறது. 197 வாட்டுக்கு அது ஏறக்குறைய 8 டிகிரி. கூலர் அதேதான் என்பதைக் கவனியுங்கள். பழைய மாட்டலோடு நேராக 360 வாங்கியிருந்தால், முடிவைப் பார்த்துவிட்டு கூலரைத் திட்டியிருப்பீர்கள்.

கதவு திறந்தும் இரண்டு டிகிரிதான் இறங்குகிறது என்றால் கேஸின் காற்றோட்டத்தில் குறை இல்லை. ஐந்துக்கு மேல் இறங்கியிருந்தால் கூலர் வாங்குவதற்கு முன் ஃபேன்களைப் பற்றிப் பேசியிருப்போம்.

1.28 என்பது சிப்பின் குணம், ஒன்றும் செய்வதற்கில்லை. 5.2-ஐயும் ஒரு முறை முயன்று பாருங்கள். ஒரு படி கீழே வோல்டேஜ் 1.22-க்கு இறங்கினால் 197 வாட் 176-க்கு வந்துவிடும். 1.26-க்கு மட்டும் இறங்கினால் 5.3-இலேயே இருங்கள்.

இரட்டைக் கோபுரம் 0.30 என்றால் 197 வாட்டுக்கு 91, ஃப்ரேமும் போட்டால் இன்னும் சில டிகிரி குறையலாம். 5.2-இல் 176 வாட்டென்றால் 85. உங்கள் இலக்கு வந்துவிட்டது. 360-இல் இதே இரண்டும் 85, 80. ஐந்தாறு டிகிரிக்காக முன்பக்கத்தையே மாற்றி அடுக்கி ஒரு பம்ப்பையும் நம்ப வேண்டுமா என்பது உங்கள் கணக்கு. நானாக இருந்தால் காற்றுதான். உண்மையான என்கோடிங் பெரும்பாலும் சினிபெஞ்சைவிடக் கொஞ்சம் குறைவாகவே வாட் இழுக்கும். 100 டிகிரி என்பது இன்டெல் வகுத்த எல்லை, 88-இல் ஒன்றரை மணி ஓடுவதில் தப்பில்லை.

இன்னொரு பிடியும் போட்டுவிடுங்கள். இந்தச் சிப்புக்கு இன்டெல் வகுத்த உச்சம் 181 வாட். பல இசட் போர்டுகள் இதை 4096 என்று வைத்து எல்லையையே தூக்கிவிடும். பிஎல்1, பிஎல்2 (நீண்ட நேர, குறுகிய நேர வாட் எல்லைகள்) இரண்டையும் 200 என்று வைத்தால் கோடையில் ஏதாவது ஒரு நாள் ஏவிஎக்ஸ் (கனமான கணக்கு வேலை) லோடு வந்து 240 வாட்டுக்குப் பாய்ந்தாலும் கூலர் திணறாது. பிரைம்95-இன் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனையைக் கொண்டு கூலரை மதிப்பிடாதீர்கள், நீங்கள் செய்யும் எந்த வேலையும் அவ்வளவு சூடாக்காது.

நீர்ச்சுழல்:

5.2-இல் நிற்கத் தயார் என்றால் எனக்கும் ஆட்சேபணை இல்லை. 5.4-தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மட்டும் 360.

திருகாணி:

வாங்கிவிட்டால் மாட்டும் வரிசை இதுதான். இரட்டைக் கோபுரம் உட்கார்ந்த பிறகு கை நுழையாத இடங்கள் இரண்டு, போர்டின் மேல் இடது மூலையில் இருக்கும் 8 ஊசி பவர் கனெக்டரும், முதல் ரேம் ஸ்லாட்டும். அது இரண்டையும் முன்பே மாட்டிவிடுங்கள்.

பழைய பேஸ்ட்டை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நார் உதிராத துணியால் துடையுங்கள். புதிதாக நடுவில் பச்சைப் பட்டாணியைவிடச் சிறிதாக ஒன்று, நான்கு மூலைக்குக் கொஞ்சம் உள்ளே ஒவ்வொரு கடுகளவு புள்ளி. பிராசசர் நீள்சதுரம் என்பதால் நடுவில் மட்டும் ஒரு பொட்டு வைத்தால் மூலை வறண்டு நிற்கும். கூலரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரித்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். அது கூலருக்கும் பேஸ்ட்டுக்கும் நடுவே இருந்தால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும், விண்டோஸும் வரும், 100 டிகிரியும் வரும்.

நடு ஃபேனைக் கழற்றினால்தான் திருகு தெரியும். இரண்டு திருகையும் மாறி மாறி இரண்டிரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக முடித்துவிட்டு மற்றதற்குப் போனால் கூலர் சாய்ந்து பேஸ்ட் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். திருகு அதன் முடிவில் போய் நின்றதும் விட்டுவிடுங்கள்.

முன் ஃபேனை ரேமுக்கு மேல் ஒரு மி.மீ. இடைவெளி விட்டு ஏற்றுங்கள். ரேமைத் தொட்டபடி இருந்தால் அதிர்வு சத்தமாகக் கேட்கும். கிளிப் மாட்டுவதற்கு முன்பே கதவு மூடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஃபேனையும் ஒய் கேபிளில் சேர்த்து சிபியு ஃபேன் ஹெடரில் போடலாம். ஹெடர் பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும், இந்த இரண்டும் அதற்குள்தான்.

ஃபேன் கர்வில் (வெப்பத்துக்கேற்ற ஃபேன் வேகம்) 60 டிகிரிக்கு 45 சதவீதம், 80-க்கு 80, 90-க்கு 100. ஏற்றத்துக்கு 3 முதல் 5 வினாடி தாமதம் வையுங்கள். இந்தச் சிப் ஒரு பிரவுசர் டேப் திறந்தாலே நொடியில் 20 டிகிரி துள்ளும், தாமதம் இல்லாவிட்டால் ஃபேன் நாள் முழுக்க ஊளையிடும்.

கதவை மூடும் முன் ஒரு டிஷ்யூ தாளைக் கிழித்து முன் ஃபேனின் முன்னால் பிடியுங்கள், கூலரை நோக்கி இழுபட வேண்டும். பின்பக்கத்தில் பிடித்தால் கேஸின் பின் ஃபேனை நோக்கிப் பறக்க வேண்டும். நடு ஃபேனைத் திருப்பி மாட்டியிருந்தால் தாள் அங்கேயே தடுமாறிக்கொண்டு நிற்கும்.